‘லிட்டில்’: அளவா, உறவா?



மொழி சார்ந்த ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பேச வேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவின் விதி. எந்தப் பொருள் என்பதைப் பேச்சாளரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். நான் ‘லிட்டில்’ என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டேன். அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், “இதில் ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது? ‘லிட்டில்’ என்றால் சிறிய. அவ்வளவுதானே?” என்று கேட்டார். நம் கையில் இருக்கும் அகராதிகள் அவர் பக்கம்தான். ‘ஸ்மால்’ என்று தேடினாலும் ‘சிறிய’ என்று கிடைக்கிறது, ‘லிட்டில்’ என்று தேடினாலும் அதுவே கிடைக்கிறது. ஒரே பொருளுக்கு இரண்டு சொல் வைத்துக்கொண்டு ஆயிரம் ஆண்டு குடித்தனம் நடத்தும் அளவுக்கு எந்த மொழியும் ஊதாரி இல்லை. இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு வேலைப் பிரிவினை இருக்க வேண்டும்.

இன்று நான் சொல்ல வந்தது இதுதான்: ‘ஸ்மால்’ பொருளின் அளவைச் சொல்லிவிட்டு நின்றுகொள்கிறது, ‘லிட்டில்’ சொல்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. இதற்கு விதிவிலக்குகள் உண்டு. அவற்றையும் மறைக்காமல் பார்ப்போம்.

பிறந்த வீடு

இரண்டும் பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொற்கள். ஆனால் ‘ஸ்மால்’ பெரும்பாலும் ஒடுங்கிய, மெல்லிய என்ற பொருளில் வழங்கியது. அதன் உறவுச் சொல்லான ஜெர்மானிய ‘ஷ்மால்’ இன்றைக்கும் குறுகலான என்றுதான் பொருள்படும். ஆங்கிலத்தில் அந்தப் பழம்பொருள் ஒரு மூலையில் தங்கியிருக்கிறது. முதுகின் கீழ்ப்பகுதியில், இடுப்புக்குச் சற்று மேலே உடல் ஒடுங்கும் இடத்தை ‘த ஸ்மால் ஆஃப் த பேக்’ என்கிறார்கள். முதுகில் எது சின்னது என்று யோசித்தால் விடை கிடைக்காது. எங்கே ஒடுங்குகிறது என்று பார்த்தால் உடனே விளங்கும்.

‘லிட்டில்’ அப்படி ஒடுக்கத்தில் பிறக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் அதற்கு எதிர்ச்சொல்லாக நின்றது, இன்றைய ‘மச்’ என்பதன் மூதாதை. அந்தச் சொல் பெரியது என்றும் பொருள்பட்டது, நிறைய என்றும் பொருள்பட்டது. ஆகவே ‘லிட்டில்’ தொடக்கத்திலிருந்தே உருவத்தின் சிறுமையையும் அளவின் குறைவையும் ஒன்றாகச் சுமந்து வந்திருக்கிறது. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் வட்டாரத்தில் ‘மச் வென்லாக்’, ‘லிட்டில் வென்லாக்’ என்று இரண்டு ஊர்கள் இன்றும் இருக்கின்றன. பழைய எதிர்ச்சொற்கள் ஊர்ப்பலகையில் ஒட்டிக்கொண்டுவிட்டன.

பக்கத்தில் யார்?

அளவைச் சொல்லும் எந்தச் சொல்லும் தனியாக நிற்காது. பக்கத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் பேசும். இந்தக் குணம் இரண்டு சொல்லுக்கும் பொது. இதற்கு ஆங்கிலமும் தமிழும் சேர்ந்தே ஒரு நல்ல சான்று தருகின்றன.

உலகையே உலுக்கிய அந்த அம்மை நோய்க்கு ஆங்கிலத்தில் ‘ஸ்மால்பாக்ஸ்’ என்று பெயர். நாம் அதைப் பெரியம்மை என்கிறோம். ஒரே நோய், ஒரு மொழியில் சின்னது, இன்னொரு மொழியில் பெரியது! 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் கிரந்தி நோய் பரவியபோது, உடம்பெல்லாம் பெரும்புண் கொண்டுவந்த அதை ‘கிரேட் பாக்ஸ்’ என்று அழைத்தார்கள். அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில் பழைய அம்மை ‘ஸ்மால்’ ஆயிற்று. நமக்குப் பக்கத்தில் இருந்தது வேறு. பெரும்பாலும் வந்து, இறங்கிப் போய்விடும் சின்னம்மையோடு ஒப்பிட்டோம். ஆளைக் கொல்லும் அம்மை நமக்குப் பெரியம்மை ஆயிற்று. 1980 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அந்த நோய் ஒழிந்ததாக அறிவித்தது. நோய் ஒழிந்தது, பெயர்களின் முரண் நிலைத்துவிட்டது.

ஊர்ப்பெயருக்கு வருவோம். சென்னை மெட்ரோவில் ஒரு நிலையத்தின் பெயர் தமிழில் சின்னமலை, ஆங்கிலத்தில் ‘லிட்டில் மவுண்ட்’. ஏன் ‘ஸ்மால் மவுண்ட்’ என்று வைக்கவில்லை? சில கிலோமீட்டர் தள்ளிப் பரங்கிமலை இருக்கிறது; ஆங்கிலத்தில் அது ‘செயின்ட் தாமஸ் மவுண்ட்’. இரண்டுமே புனித தோமாவின் பெயரோடு பிணைந்த குன்றுகள். பெரியதோடு சேர்த்துப் பேசப்படும் இளையதற்கு ஆங்கிலம் கொடுக்கும் பெயரடை ‘லிட்டில்’. நம் காஞ்சிபுரத்தையும் கும்பினியார் காலத்துப் பதிவுகள் இப்படித்தான் பிரித்தன. விஷ்ணு காஞ்சி ‘லிட்டில் காஞ்சீவரம்’ ஆயிற்று.

உண்மையான பரப்பு இங்கே பொருட்டே இல்லை. ‘லிட்டில் அந்தமான்’ என்ற தீவின் பரப்பு 700 சதுர கிலோமீட்டருக்கு மேல். ‘கிரேட்டர்’ என்ற அடைமொழியை ஆங்கிலப் பெயரில் தாங்கி நிற்கும் பெருநகர சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். ‘லிட்டில்’ பெரியதாகவும் ‘கிரேட்டர்’ சிறியதாகவும் இருப்பதில் ஆங்கிலத்துக்கு ஒரு நெருடலும் இல்லை. அந்தத் தீவு ‘கிரேட் அந்தமான்’ என்ற தீவுக்கூட்டத்தின் தம்பி. தம்பி ஆறடி வளர்ந்தாலும் தம்பிதான்.

இதைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. சிற்றப்பன்தான் நமக்குச் சித்தப்பா. அப்பாவைவிட ஒரு சாண் உயரமாக இருந்தாலும் அவர் சிற்றப்பனே. ‘லிட்டில் பிரதர்’, ‘லிட்டில் சிஸ்டர்’ என்று ஆங்கிலத்தில் சொல்வதும் வயது வரிசையைத்தான். ‘ஸ்மால் பிரதர்’ என்றால் உடம்பின் அளவைச் சொல்வதாகிவிடும். யாரும் அப்படிச் சொல்வதில்லை. கடைசி விரலையும் ‘லிட்டில் ஃபிங்கர்’ என்றே சொல்கிறார்கள். ஐந்து பேர் கொண்ட குடும்பத்தின் கடைக்குட்டி அது. நாமும் அதற்குச் சுண்டுவிரல் என்று தனிப்பெயர் சூட்டித்தான் வைத்திருக்கிறோம்.

விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். உயிரினங்களுக்குப் பெயர் வைத்தவர்களிடம் இந்த ஒழுங்கு ஒரே மாதிரி இல்லை. பறவைக்காரர்கள் பெரிதும் ‘லிட்டில்’ பக்கம். வேடந்தாங்கலில் நாம் காணும் சின்னக் கொக்கு ‘லிட்டில் எக்ரெட்’, சிறிய நீர்க்காகம் ‘லிட்டில் கார்மொரண்ட்’. பிரிட்டனின் பட்டாம்பூச்சிகளிடம் போனால் ‘ஸ்மால் ஒயிட்’, ‘ஸ்மால் காப்பர்’, ‘ஸ்மால் டார்ட்டாய்ஸ்ஷெல்’ என்று வரிசையாக ‘ஸ்மால்’. பெயர் வைத்தவர்களின் பழக்கம் பின்னால் வந்தவர்களுக்குச் சட்டம் ஆகிவிட்டது. இதில் ஆழமான தத்துவம் எதையும் தேட வேண்டாம்.

கச்சேரிச் சொல்லும் தொட்டில் சொல்லும்

இனிமேல்தான் இரண்டும் பிரிகின்றன. அரசாங்கம் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறது என்று பாருங்கள். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றத்துக்கு ஆங்கிலத்தில் ‘கோர்ட் ஆஃப் ஸ்மால் காசஸ்’ என்று பெயர். மாகாணத் தலைநகரங்களின் இந்த நீதிமன்றங்களுக்கான சட்டம் 1882இல் வந்தது. அஞ்சலகத்தில் நாம் போடுவது ‘ஸ்மால் சேவிங்ஸ்’, சிறுசேமிப்பு. தொழில்துறையில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவனங்களை ‘மைக்ரோ, ஸ்மால், மீடியம்’ என்று பிரிக்கிறது. காப்பீட்டுப் பத்திரத்தின் அடியில் இருக்கும் பொடி எழுத்து ‘ஸ்மால் பிரிண்ட்’. துப்பாக்கிகள் ‘ஸ்மால் ஆர்ம்ஸ்’. வயிற்றுக்குள் இருப்பது ‘ஸ்மால் இன்டெஸ்டைன்’. அளக்க வேண்டிய இடம், வரம்பு கட்ட வேண்டிய இடம், வரி போட வேண்டிய இடம் எல்லாவற்றிலும் ‘ஸ்மால்’தான் வேலைக்கு வருகிறது. ‘லிட்டில் சேவிங்ஸ்’ என்று ஓர் அரசாணை வந்தால் அதிகாரி நம் தலையைத் தடவிக் கொடுப்பதுபோல் இருக்கும்.

தமிழ்ப் பேச்சில் புகுந்திருப்பதும் இந்த அளவுச் சொல்தான். சட்டைக் கடையில் ‘ஸ்மால் சைஸ் இருக்கா?’ என்கிறோம். பள்ளியில் ‘ஸ்மால் லெட்டர்’, ‘கேபிட்டல் லெட்டர்’. மதுக்கடையில் ‘ஒரு ஸ்மால்’ என்றால் முப்பது மில்லி. கேட்கிறவருக்கும் ஊற்றுகிறவருக்கும் அதில் சந்தேகமே இல்லை. ‘லிட்டில்’ இப்படி நம் கடைத்தெருவுக்கு வரவில்லை. வந்ததெல்லாம் மழலையர் வகுப்புப் பாட்டு வழியாகத்தான்.

அந்தப் பாட்டுகளையே எடுத்துக்கொள்வோம். மேரி என்ற சிறுமியின் பின்னாலேயே பள்ளிக்கூடம் போகும் ஆட்டுக்குட்டியைப் பற்றிய பாடலை அமெரிக்கரான சாரா ஜோசபா ஹேல் 1830இல் வெளியிட்டார். அதில் ஆட்டுக்குட்டிக்கு ‘லிட்டில்’ என்ற அடை வருகிறது. ஆங்கிலத்தில் ‘லேம்ப்’ என்றாலே குட்டி. அது சின்னது என்று மறுபடி சொல்ல வேண்டியதில்லை. 1806இல் ஜேன் டெய்லர் எழுதிய நட்சத்திரப் பாட்டிலும் நட்சத்திரத்துக்கு அதே அடைதான். நட்சத்திரம் சின்னது என்று எந்த வானியலாளரும் சொல்லமாட்டார். இரண்டு இடத்திலும் அளவு ஒரு சாக்கு. பாடுகிற குழந்தைக்கும் பாடப்படுவதற்கும் நடுவே இருக்கும் நெருக்கத்தைச் சொல்வதே அந்தச் சொல்லின் வேலை.

நூல் தலைப்புகளும் இதையே சொல்கின்றன. 1868இல் லூயிசா மே ஆல்காட் நான்கு சகோதரிகளின் கதையை எழுதியபோது ‘லிட்டில் விமன்’ என்று பெயர் வைத்தார். ‘ஸ்மால் விமன்’ என்று வைத்திருந்தால் அது குள்ளமான பெண்களைப் பற்றிய கதை. செந்த்-எக்சுபெரியின் இளவரசனுக்குப் பிரெஞ்சில் ‘பெத்தி’ என்ற அடை. பிரெஞ்சுக்காரர்களுக்கு இரண்டு வேலைக்கும் அந்த ஒரே சொல்தான். 1943இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த கேத்தரின் உட்ஸ் அதை ‘லிட்டில்’ என்று ஆக்கினார். தமிழில் வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் செய்த மொழிபெயர்ப்பு ‘குட்டி இளவரசன்’ என்று க்ரியா வெளியீடாக வந்தது. ‘சிறிய இளவரசன்’ என்று வைத்திருந்தால் அகராதி சந்தோஷப்பட்டிருக்கும். ‘குட்டி’ என்றதால் வாசகர் சந்தோஷப்பட்டார்.

நல்லதற்குப் பின்னால், கெட்டதற்கும் பின்னால்

ஜெர்மானியர்கள் ஒரு சொல்லின் வாலில் ‘ஷென்’ என்று சேர்த்தால் அது செல்லப் பொருளாகிவிடும். டச்சுக்காரர்களுக்கு ‘ட்யே’, ஸ்பானியர்களுக்கு ‘இத்தோ’, போர்ச்சுகீசியர்களுக்கு ‘இஞ்ஞோ’. ஆங்கிலத்தில் அப்படித் தாராளமாக எந்தச் சொல்லிலும் ஒட்டும் வால் இல்லை. அந்தக் குறையை ‘லிட்டில்’ தீர்த்துவைக்கிறது.

அது எப்படித் தீர்க்கிறது என்பதை ஒரு தொடரில் பார்க்கலாம். ‘எ நைஸ் லிட்டில் ஹவுஸ்’ என்பது மிகச் சாதாரணமான ஆங்கிலம். இதில் ‘நைஸ்’ முதலில் வருகிறது, மனநிலையை நிறுவுகிறது. பிறகு ‘லிட்டில்’ வந்து அந்த மனநிலையை வீட்டோடு ஒட்டவைக்கிறது. வீட்டில் எத்தனை அறை என்பது தெரியாது. சொன்னவருக்கு அந்த வீடு பிடித்திருக்கிறது என்பது மட்டும் தெரியும். தமிழில் ‘அழகான குட்டி வீடு’ என்போமே, ஏறக்குறைய அதுதான். ‘எ நைஸ் ஸ்மால் ஹவுஸ்’ என்று சொன்னால் தப்பில்லை. ஆனால் தரகர் பேசுவதுபோல் இருக்கும்.

இப்போது முதல் சொல்லை மாற்றுங்கள். ‘எ நாஸ்டி லிட்டில் மேன்.’ உடனே அதே ‘லிட்டில்’ கடிக்கிறது. ‘அற்பப் பயல்’ என்று நாம் சொல்லும் தொனி வந்துவிடுகிறது. அந்த ஆள் ஆறடி இருக்கலாம். ‘புவர் லிட்டில் திங்’ என்றால் ‘ஐயோ பாவம்’. ‘சில்லி லிட்டில் மிஸ்டேக்’ என்றால் ‘ஒரு பைத்தியக்காரத்தனமான சின்னத் தப்பு’. முன்னால் நிற்கும் சொல்லின் சுருதியை வாங்கிக்கொண்டு அதை ஓங்கி ஒலிப்பதுதான் ‘லிட்டிலின்’ வேலை. தனக்கென்று அன்போ வெறுப்போ அதற்கு நிலையாக இல்லை.

இலக்கணமும் இதற்கு ஒத்துழைக்கிறது. ‘ஸ்மால், ஸ்மாலர், ஸ்மாலஸ்ட்’ என்று ஏணிபோல் போகலாம். ‘லிட்டிலர்’, ‘லிட்டிலஸ்ட்’ என்பவை பெரும்பாலும் குழந்தைகள் வாயில்தான் வரும். பெரியவர்கள் இரண்டு வீடுகளை ஒப்பிட வேண்டுமென்றால் ‘ஸ்மாலர்’ என்றே சொல்வார்கள். ‘லெஸ்’, ‘லீஸ்ட்’ என்பவை ‘லிட்டிலின்’ வரிசையில் வந்தாலும் அவை எவ்வளவு என்பதைப் பேசுமே தவிர, உருவத்தைப் பேசுவது அரிது. ‘தட் ஹவுஸ் இஸ் ஸ்மால்’ என்று பயனிலையாக நிற்க ‘ஸ்மாலுக்கு’ எந்தத் தடையும் இல்லை. ‘தட் ஹவுஸ் இஸ் லிட்டில்’ என்றால் ஆங்கிலேயர் காது கொஞ்சம் கூசும். தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அது வராது. தீர்ப்பைப் பூசிவிடும் இடத்தில்தான் வரும்.

ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் போனால் இந்த வேலையை ‘வீ’ என்ற சொல் எடுத்துக்கொள்கிறது. ‘எ வீ கப் ஆஃப் டீ’ என்று கேட்பவருக்குக் கோப்பை நிறையவே தேநீர் வேண்டும். கேட்பது உங்களுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ‘வீ’. “கொஞ்சம் தள்ளி உட்காருங்க” என்று பேருந்தில் சொல்லும் நமக்கு இது புரியாததா? எத்தனை அங்குலம் என்று யாரும் கேட்பதில்லை.

ஓரெழுத்து செய்யும் மாயம்

மாணவர்கள் மிகவும் தடுமாறும் இடம் இது. ‘லிட்டில்’ என்பது எவ்வளவு என்பதைச் சொல்ல வரும்போது அதற்கு முன்னால் ‘எ’ என்ற ஓரெழுத்து வந்தால் ஒரு பொருள், வராவிட்டால் கிட்டத்தட்ட எதிர்ப்பொருள்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு குடும்பம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் வெளியே வந்து ‘தேர் இஸ் எ லிட்டில் ஹோப்’ என்றால், “கொஞ்சம் நம்பிக்கை இருக்கு, பார்க்கலாம்” என்று பொருள். ‘தேர் இஸ் லிட்டில் ஹோப்’ என்றால், “சொல்லிக்கொள்ளும்படி நம்பிக்கை இல்லை, ஊரிலிருந்து வரவேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்” என்று பொருள். மருந்தின் அளவும் நாடித்துடிப்பும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். ஒன்றில் அவர் இருப்பதைப் பார்த்துப் பேசுகிறார், மற்றதில் இல்லாததைப் பார்த்துப் பேசுகிறார். டென்மார்க் மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் தம் இலக்கண நூல்களில் இந்த வேறுபாட்டை எடுத்துப் பேசியிருக்கிறார்: ஒன்று உடன்பாடு, மற்றது எதிர்மறையின் பக்கம் சாய்வது.

தமிழில் ‘எ’ போன்ற சொல் இல்லாததால் நம் பிள்ளைகள் அதை விட்டுவிடுகிறார்கள். நேர்காணலில் ‘ஐ நோ லிட்டில் ஹிந்தி’ என்கிறார் ஒருவர். தனக்கு ஓரளவு ஹிந்தி வரும் என்று பெருமையாகச் சொல்வதாக அவர் நினைக்கிறார். எதிரே இருப்பவர் காதில் ‘எனக்கு ஹிந்தி வராது’ என்று விழுகிறது. இதைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ‘எ லிட்டில்’ என்றால் ‘கொஞ்சம் இருக்கு’. ‘லிட்டில்’ என்றால் ‘கொஞ்சம்தான் இருக்கு’. ஆங்கிலம் ஓரெழுத்தை எடுத்துச் செய்வதை நாம் ‘தான்’ சேர்த்துச் செய்கிறோம். இந்த ஒரு ‘தான்’ போதும், பத்துப் பக்கம் பயிற்சி வேண்டாம்.

இ. எஃப். ஷூமாக்கர் 1973இல் வெளியிட்ட பொருளாதார நூலின் தலைப்பு ‘ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்’. சிறியதே அழகு என்ற முழக்கமாக அது உலகம் சுற்றியது. அவர் ‘லிட்டில் இஸ் பியூட்டிஃபுல்’ என்று வைத்திருந்தால், ‘அழகானது என்று எதுவுமே கிட்டத்தட்ட இல்லை’ என்று பொருள் கவிழ்ந்துபோயிருக்கும்.

பெரியதைச் சின்னதாக்குதல்

ஆங்கிலேயர்களுக்கு ஒரு தேசிய வழக்கம் உண்டு. வீடு தீப்பற்றி எரிந்தாலும் ‘கொஞ்சம் வெக்கையாக இருக்கிறது’ என்பார்கள். இந்தக் குறைத்துப் பேசும் கலையில் ‘லிட்டில்’ தலைமை நடிகர்.

1958 ஜனவரியில் பிரிட்டனின் நிதியமைச்சர் பீட்டர் தார்னிகிராஃப்ட், அரசின் செலவுத் திட்டத்தை ஏற்க மறுத்துப் பதவி விலகினார். அவரோடு அந்தத் துறையின் இரண்டு இளைய அமைச்சர்களும், ஈனாக் பவலும் நைஜல் பெர்ச்சும், விலகினார்கள். ஒரு துறையே மொத்தமாகக் கைகழுவியது. பிரதமர் ஹரால்ட் மேக்மில்லன் மறுநாள் காமன்வெல்த் நாடுகளின் சுற்றுப்பயணத்துக்குக் கிளம்ப வேண்டும். விமான நிலையத்தில் செய்தியாளர்கள் சூழ்ந்தபோது, நடந்ததை ‘லிட்டில் லோக்கல் டிஃபிகல்ட்டீஸ்’ என்று ஒதுக்கிவிட்டு விமானம் ஏறினார். ‘உள்ளூரில் ஏதோ சின்னச் சின்ன சிரமங்கள்’ என்பது போன்ற பேச்சு. ‘ஸ்மால்’ என்று சொல்லியிருந்தால், “மூன்று பேர் போனது சின்ன விஷயமா?” என்று யாராவது அளக்கக் கிளம்பியிருப்பார்கள். ‘லிட்டில்’ என்றதால் அளக்க எதுவும் கிடைக்கவில்லை. அவர் எவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. அரசு கவிழவில்லை. அந்தத் தொடர் இன்றும் ஆங்கில அரசியல் பேச்சில் புழங்குகிறது.

இந்தக் கலை எல்லா நேரமும் கைகொடுக்காது. 1951 ஏப்ரலில் கொரியாவின் இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்று சீனப் படைகளின் நடுவே மாட்டிக்கொண்டது. பிரிகேடியர் டாம் ப்ரோடி தம் அமெரிக்க மேலதிகாரியிடம் நிலைமையை ‘எ பிட் ஸ்டிக்கி’ என்று தெரிவித்ததாகச் சொல்வார்கள். ‘பிட்’ என்பது ‘லிட்டிலின்’ பங்காளிச் சொல். ஆங்கிலேயர் காதில் அது ‘உயிர் போகிற நிலைமை’. அமெரிக்கர் காதில் ‘சமாளித்துவிடலாம்’. குளோஸ்டர்ஷயர் படையணியில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். தோல்விக்குப் போர்க்களக் காரணங்கள் பல உண்டு. ஆனால் குறைத்துச் சொல்லும் சொல், அதே பழக்கம் உள்ள காதில் விழுந்தால்தான் வேலை செய்யும் என்பதற்கு இந்தக் கதையை எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு.

யார், யாரை?

இந்தச் சொல் மனிதர்கள்மேல் விழும்போது கவனம் கூடுதலாக வேண்டும். மூன்று நிகழ்ச்சிகளை அருகருகே வைக்கிறேன்.

2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் பிபி நிறுவனத்துக்காகத் துளையிட்டுக்கொண்டிருந்த மேடை வெடித்துப் பதினொரு தொழிலாளர்கள் இறந்தார்கள். மாதக்கணக்கில் எண்ணெய் கடலில் கலந்தது. ஜூன் மாதம் அதிபர் ஒபாமாவைச் சந்தித்துவிட்டு வெளியே வந்த பிபி தலைவர் கார்ல்-ஹென்ரிக் ஸ்வான்பெரி, தங்கள் நிறுவனம் ‘ஸ்மால் பீப்பிள்’ மீது அக்கறை கொண்டது என்றார். வளைகுடாக் கரையின் மீனவர்களும் கடைக்காரர்களும் கொதித்துப்போனார்கள். “நாங்கள் சின்ன மனிதர்களா?” என்று கேட்டார்கள். ஸ்வான்பெரி ஸ்வீடன் நாட்டவர். தம் தாய்மொழியில் சாமானியர்களைக் குறிக்கும் சொல்லை ஆங்கிலத்துக்குக் கொண்டுவரப் போய் வழுக்கிவிட்டார். அன்றைக்கே வருத்தம் தெரிவித்தார். அமெரிக்க அரசியல்வாதிகள் தினமும் ‘த லிட்டில் கை’ என்று சாமானியனுக்காக உருகுகிறார்கள். அதற்கு யாரும் கோபப்படுவதில்லை. ‘ஸ்மால்’ மனிதனை அளந்துவிட்டது, அதனால் சுட்டது.

ஆனால் ‘லிட்டில்’ என்றாலே குளிர்ச்சி என்று முடிவுகட்ட முடியாது. 1989இல் நியூயார்க்கின் ஓட்டல் அதிபர் லியோனா ஹெல்ம்ஸ்லி மீது வரி ஏய்ப்பு வழக்கு நடந்தது. வரி கட்டுவதெல்லாம் ‘லிட்டில் பீப்பிள்’ செய்கிற வேலை என்று அவர் சொன்னதாக முன்னாள் பணிப்பெண் ஒருவர் சாட்சி சொன்னார். ஹெல்ம்ஸ்லி மறுத்தார், நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. பத்திரிகைகள் அந்தத் தொடரைப் பிடித்துக்கொண்டன. அரசியல்வாதியின் வாயில் அணைப்பாக இருந்த சொல், கோடீஸ்வரியின் வாயில் இளக்காரமாக ஒலித்தது.

மூன்றாவது நிகழ்ச்சி இவற்றுக்கெல்லாம் முந்தியது. 1957இல் நடிகர் பில்லி பார்ட்டி, தம்மைப் போலவே உயரம் குறைந்தவர்களை நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் கூட்டினார். அதிலிருந்து வளர்ந்த அமைப்பின் பெயர் ‘லிட்டில் பீப்பிள் ஆஃப் அமெரிக்கா’. சர்க்கஸ் கூடாரங்களில் தங்களுக்கு வழங்கிய பழைய சொல்லைப் பின்னர் தள்ளிவிட்டு இந்தப் பெயரை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். உயரமே பேச்சாக இருக்கும் இடத்தில்கூட அளவுச் சொல்லை அவர்கள் நாடவில்லை. அடுத்தவர் சூட்டும் பெயருக்கும் தானே தேர்ந்துகொள்ளும் பெயருக்கும் உள்ள தூரம் இது.

இந்தச் சொல்லை ஆயுதத்தின்மேலும் ஒட்டியிருக்கிறார்கள். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் விழுந்த அணுகுண்டுக்கு ‘லிட்டில் பாய்’ என்று பெயர். நீளம் ஏறத்தாழ 3 மீட்டர், எடை சுமார் 4,400 கிலோ. அதற்கு முன் திட்டமிட்டிருந்த நீளமான குண்டுக்கு ‘தின் மேன்’ என்று பெயர். அதைவிட இது குட்டை என்பதால் ‘பையன்’ ஆகிவிட்டது. ஆக, இங்கேயும் பக்கத்தில் இருந்ததைப் பார்த்து வைத்த பெயர்தான். வைத்தவர்களுக்கு அது வேலையிடத்துக் கிண்டல். அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர் என்பது ஹிரோஷிமா நகரின் மதிப்பீடு. அந்த நகரத்து மக்கள் நின்ற இடத்திலிருந்து இந்தப் பெயர் பிறந்திருக்கவே முடியாது.

அகராதிக்கும் வகுப்பறைக்கும்

இவ்வளவும் சொன்னதற்கு நடைமுறையில் என்ன பயன்? மூன்று சொல்கிறேன்.

ஆங்கிலம்–தமிழ் அகராதி செய்கிறவர்கள் ‘லிட்டிலுக்கு’ எதிரே ‘சிறிய’ என்று மட்டும் போட்டு நகர்ந்துவிடக் கூடாது. சின்ன, குட்டி, இளைய, கொஞ்சம், கொஞ்சம்தான், அற்ப என்று ஆறு சொல்லாவது வேண்டும். எந்தச் சொல் எந்தத் துணையோடு வரும் என்பதற்கு ஒவ்வோர் எடுத்துக்காட்டும் வேண்டும்.

ஆங்கிலம் கற்பிக்கிறவர்கள் இந்தச் சொல்லைத் தனியாகக் கற்பிக்க வேண்டாம். ‘நைஸ் லிட்டில்’, ‘நாஸ்டி லிட்டில்’, ‘எ லிட்டில்’, ‘வெரி லிட்டில்’ என்று கூட்டாளிகளோடு சேர்த்தே கற்பித்தால் பிள்ளைகள் பிழை செய்ய வழியில்லை. அளவு சொல்ல வேண்டுமா, ‘ஸ்மால்’ போடு. நீ என்ன நினைக்கிறாய் என்பதும் தெரிய வேண்டுமா, ‘லிட்டில்’ போடு. ஆறாம் வகுப்புக்கு இந்த விதி போதும்.

மொழிபெயர்க்கிறவர்கள் ‘லிட்டிலைப்’ பார்த்ததும் பொருளை அளக்கப் போக வேண்டாம். இதைச் சொல்கிறவர் யார், யாரைப் பார்த்துச் சொல்கிறார், மேலேயிருந்தா, பக்கத்திலிருந்தா என்று முதலில் கேட்க வேண்டும். விடை கிடைத்தால் தமிழ்ச் சொல் தானே வந்துவிடும். சில இடங்களில் சொல்லே தேவைப்படாது. ‘அவனும் அவன் ஆபீசும்’ என்று ஓர் ‘உம்’ போட்டாலே ‘ஹிஸ் லிட்டில் ஆபீஸ்’ என்பதன் இளக்காரம் முழுசாக இறங்கிவிடும்.

அடுத்தமுறை யாராவது உங்கள் வேலையையோ வீட்டையோ யோசனையையோ ‘லிட்டில்’ என்று சொன்னால், அதன் அளவைப் பற்றி அவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். அவர் பேசியது உங்கள் பொருளைப் பற்றி அல்ல, தாம் நிற்கும் இடத்தைப் பற்றி. அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.